கானில் ஊற்றுமுன்: சிறு பட்டறைக் கழிவுகள் பற்றிக் கேள்வி பதில்

கொழும்பிலும் அதைச் சுற்றியும் ஐந்து பேர், பத்துப் பேரோடு பட்டறையோ உணவுத் தயாரிப்போ நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. தொழிற்சாலைக் கழிவுநீர் வேலை செய்யும் பொறியியலாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கிராண்ட்பாஸ், உலோகப் பட்டறை: சேர், தரை கழுவுற தண்ணி முன்னால இருக்கிற கானுக்குத்தான் போகுது. அது எப்படியும் மாநகர சபையின்ட மலக்குழாயில போய்ச் சேரும்தானே?

சேராது. கொழும்பில் இரண்டு வலைகள் தனித்தனியே ஓடுகின்றன. மலக்குழாய் நீர் பம்பு நிலையங்கள் வழியாக முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் உள்ள கடல் குழாய்களுக்குப் போகிறது. வாசலில் திறந்து கிடக்கும் கான் மழைநீருக்கானது. அது கால்வாய்க்கோ பேரை வாவிக்கோ களனி ஆற்றுக்கோ நேரே போகும். நடுவில் சுத்திகரிப்பு எதுவும் கிடையாது.

உங்கள் பட்டறைக் குழாய் எதில் சேருகிறது என்று தெரியாவிட்டால், மழை இல்லாத நாளில் ஒரு வாளித் தண்ணீரில் உணவுக்குப் போடும் சிவப்பு நிறத்தைக் கரைத்து ஊற்றி, கானிலும் அருகிலுள்ள மலக்குழாய் மூடியிலும் ஒவ்வொருவரை நிறுத்திப் பாருங்கள். பத்து நிமிட வேலை. பழைய கட்டடங்களில் வரைபடத்தை நம்ப வேண்டாம். கழிவறைக் குழாய் ஒரு பக்கமும் தரைக் குழாய் வேறு பக்கமும் போவது சாதாரணம்.

ஆறு, கால்வாய் போன்ற உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொது எல்லைகளில் முக்கியமானவை இவை: பி.ஓ.டி. (அழுக்கைத் தின்னும் கிருமிகளுக்கு வேண்டிய ஒட்சிசன்) 30, சி.ஓ.டி. (அழுக்கை இரசாயன முறையில் ஒட்சியேற்ற வேண்டிய ஒட்சிசன்) 250, நீரில் தொங்கும் திண்மம் 50, எண்ணெய் கிறீஸ் 10, எல்லாம் லீற்றருக்கு மில்லிகிராமில். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். 6 முதல் 8.5 வரை. எண்ணெய் 10 என்றால் ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்றில் இரண்டு தேக்கரண்டி. ஒரு எண்ணெய்த் துணியை அலசினாலே தாண்டிவிடும்.

அதே ஆள்: அப்ப கொஞ்சம் கூடத் தண்ணி விட்டுக் கழுவினா அளவு குறைஞ்சிடும்தானே?

எண் குறையும், அழுக்கு குறையாது. சி.ஓ.டி. 1000 உள்ள ஆயிரம் லீற்றரில் ஒரு கிலோ சி.ஓ.டி. இருக்கிறது. அதை நாலாயிரம் லீற்றர் ஆக்கினால் 250 என்று காட்டும். கானுக்குப் போவது அதே ஒரு கிலோதான், மேலதிகமாக மூவாயிரம் லீற்றர் தண்ணீர்ப் பட்டியல் உங்களுக்கு. எண்ணெய் சிந்தினால் தண்ணீர்க் குழாயை எடுக்காமல் மரத்தூளைத் தூவுங்கள். பத்து நிமிடம் விட்டு, கூட்டி, மூடியுள்ள தகர வாளியில் போடுங்கள். அந்த மரத்தூளைப் பேக்கரி அடுப்புக்குக் கொடுக்க வேண்டாம்.

மட்டக்குளி, லேத் வேலை: திங்கட்கிழமை காலையில கூலன்ட் அழுகின முட்டை மாதிரி மணக்குது. கிருமிநாசினி ஊத்திப் பார்த்தும் சரிவரல. மாசத்துக்கு ஒருக்கா முழுக்கக் கொட்டிட்டுப் புதுசு போடுறம்.

கூலன்ட் என்பது உலோகம் வெட்டும்போது சூட்டைக் குறைக்க ஓடவிடும், எண்ணெய் கலந்த தண்ணீர். மணத்துக்குக் காரணம் அதன் மேலே மிதக்கும், இயந்திரத்திலிருந்து கசியும் ஹைட்ரோலிக் எண்ணெய், வழுக்குப்பாதை எண்ணெய். சனி, ஞாயிறு இயந்திரம் நிற்கும்போது அந்தப் படலம் தாங்கியை மூடிபோல மூடிவிடுகிறது. காற்று இறங்காத இடத்தில் வாழும் பக்டீரியா பெருகிக் கந்தக வாயுவை விடுகிறது. கிருமிநாசினி இரண்டு நாளைக்கு அடக்கும், நுரை வரும், பிறகு பழையபடிதான்.

வெள்ளி மாலை மிதக்கும் எண்ணெயை அகற்றுங்கள். எண்ணெயை மட்டும் உறிஞ்சும் விரிப்புகள் கிடைக்கின்றன. இல்லாவிட்டால் தட்டையான தகரத்தால் வழித்தெடுக்கலாம். மீன் தொட்டிக்கு வைக்கும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றை வார இறுதி முழுக்க ஓடவிடுங்கள். அடியில் தங்கும் இரும்புத் துருவலை மாதம் ஒருமுறை அள்ளுங்கள், பக்டீரியா அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது செறிவு, அதாவது கூலன்டில் எண்ணெய் எத்தனை சதவீதம் என்பது. ஒரு துளியை வைத்து ஒளி முறிவதைக் கொண்டு செறிவைப் பார்க்கும், கைக்கு அடக்கமான ஒளிமுறிவுமானி ஒன்று வாங்குங்கள். அது காட்டும் எண்ணை எண்ணெய் டப்பாவில் போட்டிருக்கும் காரணியால் பெருக்க வேண்டும். காரணி 1.5 என்றால் 4 காட்டும்போது உண்மையான செறிவு 6 சதவீதம். பொதுவான கடைசலுக்கு 5 முதல் 8 போதும். 4க்குக் கீழே போனால் துருவும் மணமும் சேர்ந்து வரும், 10க்கு மேல் போனால் கையில் சொறி வரும். கொழும்பு வெக்கையில் ஆவியாகிப் போவது தண்ணீர்தான், எண்ணெய் தாங்கியில் தங்கிவிடும். அதனால் நிரப்பும்போது 6 சதவீதத்தில் கலந்து ஊற்றினால் செறிவு நாளுக்கு நாள் ஏறும். 1 முதல் 3 சதவீதக் கலவையால் நிரப்பி, மானியில் பாருங்கள். கலக்கும்போது எப்போதும் தண்ணீருக்குள் எண்ணெய். மாறிச் செய்தால் தயிர்போலத் திரிந்து, சரியாகக் கலக்கவே கலக்காது.

இப்படிப் பார்த்தால் மாதக்கணக்கில் நிற்கும். கடைசியில் கொட்ட வேண்டி வரும்போது கானில் வேண்டாம், மிதக்கும் எண்ணெயையும் கொழுப்பையும் பிடிக்கும் தொட்டியான கிறீஸ் பொறியிலும் வேண்டாம். பால்போலக் கரைந்த எண்ணெய் மிதக்காது, பொறியைத் தாண்டி அப்படியே போய்விடும். பரலில் சேர்த்து உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும்.

தெமட்டகொட, வாகன உதிரிப்பாகம்: கழிவு ஒயில் வாங்க ஆள் வருது, காசும் தருது. அதில என்ன பிழை?

அவர் அதை எங்கே கொண்டுபோகிறார் என்பதுதான் பிழை. உரிமம் இல்லாத கையில் அது செங்கல் சூளைக்கோ பலகைக்குப் பூசவோ போகும், ஈயமும் நாகமும் (துத்தநாகம்) புகையாகவோ மண்ணுக்கோ போய்ச் சேரும். கழிவு எண்ணெய் அட்டவணைப்படுத்தப்பட்ட ஆபத்தான கழிவு. அதைச் சேகரிக்க, கொண்டுபோக, அகற்ற மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் வேண்டும். உரிம இலக்கத்தைக் கேளுங்கள், திகதியும் லீற்றரும் எழுதிய ரசீதை வாங்கி வையுங்கள். முறையாகப் போகும் எண்ணெய்க் கழிவு, பெயின்ட் கசடு போன்றவற்றில் ஒரு பகுதி புத்தளத்துச் சீமெந்துச் சூளையில் எரிபொருளோடு சேர்க்கப்படுகிறது. அங்கே உள்ளே இருக்கும் பொருளே 1450 பாகை செல்சியஸ் வரை சூடாகிறது. உங்கள் பின்வளவில் பரலை வெட்டிச் செய்த அடுப்பில் அது நடக்காது.

அளவு குறைவு, வண்டி வராது என்பது பலருடைய முறைப்பாடு. ஒரே தெருவில் உள்ள நாலு பட்டறை ஒரே நாளுக்கு வண்டியைக் கூப்பிடலாம், போக்குவரத்துச் செலவு பங்காகும். ஆனால் மற்றவரின் கழிவை உங்கள் இடத்தில் சேர்த்து வைக்க வேண்டாம். அப்போது சேகரிப்பாளர் நீங்கள்தான்.

சேமிக்கும் இடத்தில், பரல் ஒழுகினாலும் எண்ணெய் வெளியே போகாதபடி சுற்றிவர ஒரு தாழ்ந்த கட்டு வேண்டும். கணக்கு: மிகப் பெரிய பரலின் 110 சதவீதம், அதாவது 200 லீற்றர் பரலுக்கு 220 லீற்றர். ஒன்றரை மீற்றருக்கு 1.2 மீற்றர் தரையில் 15 சென்ரிமீற்றர் உயரக் கட்டு 270 லீற்றர் பிடிக்கும், போதும் என்று தோன்றும். அதில் இரண்டு பரல் நின்றால் அவையே 80 லீற்றர் இடத்தைப் பிடித்துவிடும், மிஞ்சுவது 190. ஆகவே 20 சென்ரிமீற்றர் கட்டுங்கள். மேலே கூரை கட்டாயம். ஒக்டோபர், நவம்பர் மழையில் கூரையில்லாத கட்டு நிரம்பி, எண்ணெய்தான் முதலில் வெளியே வழியும்.

செட்டியார் தெரு, நகை வேலை: அமிலக் கழிவை எப்படிக் கொட்டுறது?

முதலில் ஒரு கேள்வி: பட்டறையில் சயனைட் இருக்கிறதா? இருந்தால் அதன் வாளி, அகப்பை, மேசை எல்லாம் அமிலத்திலிருந்து தனியாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைட் வாயு வரும், சிறு அறையில் ஆள் தப்பமாட்டார். கீழே சொல்வது சயனைட் படாத நைத்திரிக் அமிலத்துக்கு மட்டும். சயனைட் கரைசலை நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம், மூடி வைத்து உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள்.

பிளாஸ்ரிக் தொட்டியில் பத்து மடங்கு தண்ணீர் எடுத்து, அதற்குள் அமிலத்தை மெல்ல ஊற்றுங்கள். நீறிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பாவிக்காத அடர் நைத்திரிக் அமிலம் ஒரு லீற்றருக்குச் சுமார் 560 கிராம் சுண்ணாம்பு வேண்டும். பாவித்த அமிலத்துக்குக் குறையும், ஆகவே நிறுத்துப் போடாமல் பி.எச். தாளைப் பார்த்துப் போடுங்கள். கண்ணாடி, கையுறை, ஓடும் விசிறி மூன்றும் வேண்டும்.

பலர் 7இல் நிறுத்திவிடுகிறார்கள். அமிலம் போய்விட்டது, ஆனால் செம்பு தண்ணீரிலேயே இருக்கிறது. 9 வரை கொண்டுபோனால் செம்பு நீலப்பச்சைக் கசடாக இறங்கும். ஒரு இரவு விடுங்கள், மேல்நீரைத் துணியால் வடியுங்கள், நீரைச் சிறிது அமிலத்தால் 8.5க்குக் கீழே இறக்குங்கள். மேல்நீர் கடும் நீலமாகவே நின்றால் அமோனியா கலந்திருக்கிறது. அமோனியா செம்பை விடாது, இந்த வழி சரிவராது. கசடு குப்பைக்கு அல்ல. அதில் வெள்ளியும் இருக்கும், சுத்திகரிப்பவரிடம் விலை கேட்டுப் பாருங்கள்.

இரத்மலானை, பிளாஸ்ரிக் மோல்டிங்: கரண்ட் பில்தான் கொல்லுது. சோலார் போடுறதா?

சோலாருக்கு முன், கருவிகளுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கொம்பிரசரைப் பாருங்கள். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, ஒரு கருவியும் ஓடாத நேரத்தில் கொம்பிரசரை மட்டும் போட்டு, மோட்டர் ஓடும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் ஐந்து சுற்றுக்கு எழுதுங்கள். 40 செக்கன் ஓடி 160 செக்கன் நின்றால், 40ஐ 200ஆல் வகுக்க 20 சதவீதம். அவ்வளவு காற்று ஓட்டையில் போகிறது. 10க்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று கிட்டத்தட்ட 4 கிலோவாற் தின்னும். நாளுக்கு எட்டு மணி, மாதம் 25 நாள் என்றால் 800 அலகு. சவர்க்கார நுரையைத் தூரிகையால் பூசினால் ஓட்டை தெரியும். பெரும்பாலும் குழாய் இணைப்புக் கிளிப்பிலும் விரைவு இணைப்பியிலும்தான் இருக்கும்.

அழுத்தத்தை ஒரு பார் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். கருவிக்கு 6 போதுமானால் 8 வேண்டாம். தாங்கியின் அடியில் வடிக்கும் தண்ணீரில் எண்ணெய் உண்டு, அதுவும் பரலுக்கே. கட்டணம் நேரத்தைப் பொறுத்து மாறும் இணைப்பு என்றால் மாலை 6.30 முதல் 10.30 வரை உச்ச விலை. பிளாஸ்ரிக் பிசின் மணிகளைக் காயவைக்கும் உலர்த்தியை அந்த நாலு மணிக்கு வெளியே ஓட்டுங்கள்.

வத்தளை, சோட்டீஸ் தயாரிப்பு: அண்ணா, கிறீஸ் பொறி வச்சும் கான் அடைக்குது.

தங்கச்சி, பொறி சிறிதாக இருக்கும், அல்லது கொதிநீர் நேரே போகும். சூட்டில் உருகிய கொழுப்பு பொறியைத் தாண்டிப் போய், குளிர்ந்த குழாயில் உறையும். உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 10 லீற்றர் வந்தால், அரைமணி தங்க 300 லீற்றர் கொள்ளளவு வேண்டும். மேலே கொழுப்பும் கீழே கசடும் சேர்ந்து ஆழத்தில் கால்பங்கு ஆனதும் அள்ளுங்கள், நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். கழுவுமுன் தட்டத்தைக் கடதாசியால் துடைத்தாலே பாதி வேலை முடியும். கொழுப்பைக் கரைக்கும் திரவம் விற்பார்கள். அது கொழுப்பை உங்கள் பொறியிலிருந்து அடுத்த வீட்டுக் குழாய்க்கு நகர்த்தும், அவ்வளவுதான். பொரித்த எண்ணெயைத் திரும்பச் சமையலுக்கு வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டாம்.

மொரட்டுவ, தளபாடம்: தின்னரை வெயிலில வச்சு ஆவியாக்கிறது சரிதானே?

சரியில்லை. அது மூச்சுக்குள் போகிறது, தீயும் பிடிக்கும். பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியை முதலில் பழைய தின்னரால் கழுவுங்கள், கடைசி அலசலுக்கு மட்டும் புதிது. கழுவியதை மூடிய தகரத்தில் இரண்டு நாள் அசையாமல் வைத்தால் நிறம் அடியில் இறங்கும், மேலே உள்ளதை வடித்து அடுத்த முதற்கழுவலுக்கு எடுக்கலாம். ஆளி எண்ணெய், வார்னிஷ் துடைத்த துணியைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றும். தண்ணீர் ஊற்றிய மூடித் தகரத்தில் போடுங்கள்.

பொரளை, தையல்: வெட்டுத் துணியை யாரும் எடுக்கிறதில்லை.

கலந்திருப்பதால் எடுக்கமாட்டார்கள். வெட்டும் மேசைக்குக் கீழே மூன்று சாக்கு கட்டுங்கள்: தனிப் பருத்தி, தனிப் பொலியெஸ்டர், கலப்பு. உள்ளங்கையைவிடப் பெரிய பருத்தித் துண்டைக் கராஜ்களும் அச்சகங்களும் துடைக்க வாங்கும். பொலியெஸ்டரை எரிக்க வேண்டாம், அது பிளாஸ்ரிக். திறந்த வெளியில் பிளாஸ்ரிக் எரிப்பது 2017இலிருந்து தடை.

பலர்: எங்களைப் போலச் சின்ன ஆக்களுக்கும் சுற்றாடல் உரிமம் வேணுமா?

ஆள் எண்ணிக்கை மட்டும் அதைத் தீர்மானிக்காது, தொழில் வகையும் பார்க்கப்படும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் தொழில்கள் வகை பிரிக்கப்பட்டுள்ளன. மாசு குறைந்தவற்றுக்கு உங்கள் மாநகர, நகர அல்லது பிரதேச சபையே உரிமம் தரும். மற்றவை மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு. இடத்தை வாடகைக்கு எடுக்குமுன் கேளுங்கள், முற்பணம் கொடுத்த பிறகு அல்ல.

கொட்டாஞ்சேனை: பழுதான ரியூப் பல்ப்?

உடைக்க வேண்டாம், உள்ளே பாதரசம். வந்த பெட்டியிலேயே போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வையுங்கள். உடைந்தால் அரைமணி கதவைத் திறந்துவிட்டு, ஈரக் கடதாசியால் பொறுக்குங்கள். வக்குவம் கிளீனர் போட்டால் ஆவி அறை முழுக்கப் பரவும்.