விடுதி அறையில் ஒரு ரிலே

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல்கலைக்கழக விடுதியில், பழைய மடிக்கணினி ஒன்றில் இரண்டு வாரமாக டோர் ரிலே ஓட்டுகிறேன். அதாவது, யாரென்று தெரியாமல் இணையத்தில் உலவ உதவும் டோர் வலையமைப்பில், பிறரின் போக்குவரத்தைக் கைமாற்றி அனுப்பும் கணினி. இங்கே பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து நேரே அடையக்கூடிய இணைய முகவரி) கிடைக்கிறது. அறைத்தோழனைத் தவிர யாருக்கும் தெரியாது. போக்குவரத்து மிகக் குறைவு. இதனால் பயன் உண்டா? குற்றவாளிகளுக்கு உதவுகிறாய் என்கிறான் அவன். இதை எக்ஸிட் ரிலேயாக, அதாவது போக்குவரத்து டோரை விட்டு வெளியேறும் கடைசி ரிலேயாக, மாற்றலாமா?

க.

அன்புள்ள க.,

நான் படித்த காலத்தில் வளாக நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்ட ஒருவரைச் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

போக்குவரத்து குறைவு என்று வருந்தாதீர்கள். டோர் வலையமைப்பு புதிய ரிலேயை அளந்து பார்த்து, அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக்குவரத்தை அனுப்பும். முழு அளவுக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும்.

அறைத்தோழனிடம் இதைச் சொல்லுங்கள். 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்த முறை இது. கடற்படை மட்டுமே பயன்படுத்தினால், அதிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொருவரும் கடற்படைக்காரர் என்று தெரிந்துவிடும். அதனால் 2002இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கூட்டம் இருந்தால்தான் ஒருவர் மறைய முடியும். கூட்டத்தில் எல்லா விதமானவர்களும் இருப்பார்கள்.

ஆனால் "யாருக்கும் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் ரிலேயின் ஐபி முகவரி பொதுப் பட்டியலில் இருக்கிறது. மணிக்கொரு முறை புதுப்பிக்கப்படும் அந்தப் பட்டியலை உலகில் யாரும் பார்க்கலாம். நாளை புகார் வந்தால் பதில் சொல்ல வேண்டிய மனிதருக்கு மட்டும்தான் விஷயம் தெரியாது! டோர் மறைப்பது பயன்படுத்துபவரை. அவருடைய போக்குவரத்து வழக்கமாக மூன்று ரிலேக்கள் வழியே போகும். முதல் ரிலேக்கு ஆள் எங்கிருந்து வருகிறார் என்று தெரியும், எங்கே போகிறார் என்று தெரியாது. கடைசி ரிலேக்கு நேர்மாறு. நடுவில் இருப்பதற்கு இரண்டும் தெரியாது. ஆனால் ரிலே நடத்தும் உங்களுக்கு இதில் எந்த மறைவும் இல்லை.

நானும் இதே தவறைச் செய்தேன். ஆய்வுக்கூடக் கணினியில், யாரையும் கேட்காமல், நேரே எக்ஸிட் ரிலே. எக்ஸிட்டிலிருந்து போவதெல்லாம் நம் முகவரியிலிருந்து போனதாகத்தான் வெளியே தெரியும். யாரோ அதன் வழியே எங்கோ ஒரு சர்வரைத் தாக்க, புகார் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அதோடு நிற்கவில்லை. ஆய்விதழ்கள் வளாக ஐபியைப் பார்த்துத்தான் திறக்கும். ஒரு பதிப்பகம் வளாகம் முழுவதையும் தடுத்துவிட்டது. ஆய்வேட்டை முடிக்கும் அவசரத்தில் இருந்தவர்களுக்கு மூன்று நாள் ஒன்றும் திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார் நெட்வொர்க் பொறுப்பாளர். நான்தான் என்று போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா தனி முகவரி கொடுத்திருப்பேனே" என்றார். அந்த வாக்கியம் இன்றும் சுடுகிறது. அப்புறம் உண்மையிலேயே கொடுத்தார், நூலக முகவரிகளோடு சேராத ஒன்றை. ரிலேயின் தொடர்பு விவரத்தில் என் மின்னஞ்சல் இருக்கிறதா என்று தானே சரிபார்த்தார்.

நாளைக் காலை உங்கள் பொறுப்பாளரைப் போய்ப் பாருங்கள், தம்பி. இரண்டு வாரமாக ஓடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அணைத்துவிடுங்கள். எக்ஸிட்டைப் பற்றி அவரே சரி என்று சொல்லும்வரை பேசாதீர்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.