ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் உபுண்டுவும்: கணக்கு பத்திரமாக இருக்குமா?

சிங்கப்பூரின் ஜூரோங்கிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கணவரும் நானும் சிறிய கேட்டரிங் தொழில் நடத்துகிறோம். கணக்கு, இன்வாய்ஸ் எல்லாம் என் மடிக்கணினியில், விண்டோஸில் மட்டும் ஓடும் ஒரு மென்பொருளில் இருக்கின்றன. விண்டோஸ் 11, 512 ஜிபி எஸ்எஸ்டி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகன் அதே கணினியில் உபுண்டு லினக்ஸும் வேண்டும் என்கிறான். கடையில் கேட்டால், பழையதை அழித்துவிட்டுத்தான் போட முடியும் என்கிறார்கள். உண்மையா? உபுண்டுவில் தமிழில் தட்டச்சு செய்யவாவது முடியுமா?"

அழிக்க வேண்டியதில்லை. உபுண்டுவும் விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்தான். ஒரே வட்டில், அதாவது உங்கள் எஸ்எஸ்டியில், இரண்டும் இருக்கலாம். கணினியைத் திறக்கும்போது எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும், தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் பயம் நியாயமானது. உபுண்டுவை நிறுவுவது கொஞ்ச நேர வேலைதான். கணக்கு தப்புவதும் தொலைவதும் அதற்கு முந்தைய நாள் நீங்கள் செய்து வைப்பதில் இருக்கிறது. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் மகனிடம் கேளுங்கள், உபுண்டு எதற்கு என்று. லினக்ஸ் கட்டளைகள் பழகவும் நிரல் எழுதவும் மட்டும் என்றால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதியை மைக்ரோசாப்டே இலவசமாகத் தருகிறது. வட்டைப் பிரிக்க வேண்டாம். பாடத்துக்குப் பெரும்பாலும் அதுவே போதும். இல்லை, முழு லினக்ஸ்தான் வேண்டும் என்றால், மடிக்கணினியில் இரண்டாவது எஸ்எஸ்டி போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்கு எடுத்துப்போனால் திறந்து பார்த்துச் சொல்வார்கள். தொழில் கணக்கு ஒரு வட்டிலும் உபுண்டு வேறு வட்டிலும் இருப்பதைத்தான் நான் விரும்புவேன். அதற்கு வழியில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

கணக்கு மென்பொருளின் பேக்கப்பை வெளி வட்டு ஒன்றில் எடுங்கள், இன்னொரு நகலை இணையச் சேமிப்பில் வையுங்கள். அதோடு விடாதீர்கள். வேறு கணினியில் அந்த நகலைத் திறந்து, கடைசியாகப் போட்ட இன்வாய்ஸ் தெரிகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நான் நகலாக எண்ணுவதில்லை. சிங்கப்பூரில் தொழில் கணக்குகளைக் குறைந்தது 5 ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது, பலருக்கும் தெரியாத ஒன்று. இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்ததுமே வட்டு தானாகவே பூட்டப்பட்டுவிடும். விண்டோஸ் ஹோமில் இதன் பெயர் டிவைஸ் என்கிரிப்ஷன், புரோவில் பிட்லாக்கர். அன்றாடம் எதுவும் கேட்காது என்பதால் பூட்டு இருப்பதே தெரியாது. கணினி தொடங்கும் முறையில் ஏதாவது மாறினால்தான் சந்தேகப்பட்டு, நீலத்திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி தொலைந்திருந்தால் மைக்ரோசாப்டாலும் திறந்து தர முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தை மகனின் மடிக்கணினியில் இதைக் கவனிக்காமல் வேலையைத் தொடங்கிவிட்டேன். சாவியைத் தேடினால், கணினி வாங்கிய கடையில் யாரோ அவசரத்துக்குத் தங்கள் மின்னஞ்சலிலேயே மைக்ரோசாப்ட் கணக்கைத் திறந்து கொடுத்திருந்தார்கள். அந்த மின்னஞ்சல் யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. குழந்தையின் முதல் மூன்று ஆண்டுப் படங்கள் அதில்தான் இருந்தன. அன்றிலிருந்து யார் கணினியைத் தொட்டாலும் முதலில் சாவியைத்தான் கேட்கிறேன்.

நீங்களும் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்துக்குப் போய், டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் சாவி இருப்பதை உறுதி செய்துகொண்டு, அதைத் தாளில் எழுதி வையுங்கள். அப்புறம் என்கிரிப்ஷனை அணைத்துவிட்டு, பூட்டு முழுவதும் நீங்கும்வரை காத்திருங்கள். வாடிக்கையாளர் விவரங்கள் இருப்பதால், வேலை முடிந்ததும் மறுபடி இயக்குவது நல்லது. மறுபடி இயக்கும்போது புதுச் சாவி உருவாகும், பழையது உதவாது. புதியதையும் தாளில் எழுதி வையுங்கள், அதன்பின் சாவி கேட்கக்கூடும்.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கும். அதையும் அணையுங்கள். அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும், அந்த நிலையில் லினக்ஸ் அந்த வட்டில் எழுதினால் கோப்புகள் கெடலாம்.

இனி இடம் ஒதுக்குவது. இதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். சி டிரைவில் வலது சொடுக்கு, 'ஷ்ரிங்க் வால்யூம்', 100 ஜிபி வேண்டுமென்றால் எம்பி கணக்கில் 102400 என்று கொடுங்கள். உபுண்டுவுக்கு 25 ஜிபியே போதும் என்பார்கள், ஆனால் மாணவன் கையில் அது சீக்கிரம் நிரம்பிவிடும். பிரிந்து வரும் வெற்றிடத்தை ஃபார்மட் செய்யாமல் அப்படியே விடுங்கள். விண்டோஸை ஒருமுறை மூடித் திறந்து, கணக்கு மென்பொருள் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04-க்கு 2029 வரை இலவச ஆதரவு உண்டு. 16 ஜிபி யூஎஸ்பி ஒன்றில் அதை ஏற்றி, கணினியை அந்த யூஎஸ்பியிலிருந்து தொடங்கி, நிறுவாமல் 'டிரை உபுண்டு' வழியாக ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, விசைப்பலகை எல்லாம் சரியாக வேலை செய்தால் மட்டும் தொடருங்கள். கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் 'செக்யூர் பூட்' என்ற வசதியை அணைக்க வேண்டியதில்லை.

நிறுவும்போது ஒரு திரையில் மட்டும் கையை நிறுத்துங்கள். உபுண்டுவை விண்டோஸுடன் சேர்த்து நிறுவுவதா, வட்டை அழித்துவிட்டு நிறுவுவதா என்று அங்கே கேட்கும். 'அலாங்சைட்' என்ற சொல் இருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது, 'இரேஸ் டிஸ்க்' அல்ல. 'அலாங்சைட்' வரவே இல்லை என்றால் வேறு எதையும் அழுத்தாமல் வெளியே வாருங்கள். பெரும்பாலும் வட்டின் பூட்டு முழுவதும் நீங்காமல் இருக்கும், அல்லது கணினியின் தொடக்க அமைப்புகள் இருக்கும் பயாஸில், வட்டைக் கையாளும் இன்டெலின் ஆர்எஸ்டி இயங்கிக்கொண்டிருக்கும். ஆர்எஸ்டியை அவசரத்தில் மாற்றினால் விண்டோஸே திறக்காமல் போகலாம். தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

நிறுவிய பிறகு உங்கள் தொழிலுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் சிங்கப்பூர் நேரமாகப் படிக்கும், லினக்ஸ் அதையே உலகப் பொது நேரமாகப் படிக்கும். இரண்டுக்கும் 8 மணி நேர வித்தியாசம். மகன் இரவில் உபுண்டுவில் வேலை செய்து மூடியபின், காலை ஏழு மணிக்கு நீங்கள் விண்டோஸைத் திறந்தால் முந்தைய நாள் இரவு பதினொன்று என்று காட்டும். அதில் போடும் இன்வாய்ஸுக்கு முந்தைய நாள் தேதி விழும். உபுண்டுவில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்ற கட்டளையை மகன் ஆங்கில எழுத்தில் ஒருமுறை கொடுத்தால் சரியாகிவிடும்.

நிறுவிய யூஎஸ்பியை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, இப்படி இரண்டும் உள்ள சில கணினிகளில் லினக்ஸைத் திறக்க விடாமல் செய்தது. அப்படி ஏதாவது நடந்தால் அந்த யூஎஸ்பி கை கொடுக்கக்கூடும். வீட்டில் உயர்நிலைப்பள்ளி மாணவர் இருந்தால், பள்ளி வழியாக வாங்கிய கற்றல் சாதனத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அதில் பள்ளியின் நிர்வாக மென்பொருள் இருக்கும்.

தமிழ்த் தட்டச்சுக்குக் கவலை வேண்டாம். உபுண்டுவில் 'ஐபஸ்-எம்17என்' என்ற தொகுப்பை நிறுவி, கீபோர்ட் அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்தால் போதும். விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகை பழகியிருந்தால் அதே விசைகளில் எழுதலாம்.