எந்தப் பக்கத்துப் பல்?

அன்புள்ள சார்,

எனக்கு 34 வயது. போன மாதம் அலுவலகத்தில் நான் பேசியதை யாரோ வீடியோ எடுத்து எங்கள் குழுவில் போட்டிருந்தார்கள். பார்த்ததும் ஒரு கணம் இது யாரென்றே தெரியவில்லை. மூக்கு ஒரு பக்கம் கோணியிருக்கிறது. முகமே வேறு யாருடையதோ போல இருக்கிறது. தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன், அங்கே இப்படித் தெரிந்ததில்லை. செல்ஃபி எடுத்துப் பார்த்தால் இன்னும் மோசம். மனைவியிடம் கேட்டால், “எப்பவும் போலத்தான் இருக்கீங்க, நல்லாத்தான் இருக்கு” என்கிறாள். அன்பினால் சொல்லும் பொய் என்று எனக்குத் தெரியாதா? கண்ணாடி, கேமரா, அடுத்தவர் கண், இந்த மூன்றில் எதை நம்புவது? அறுவை சிகிச்சை பற்றியும் யோசிக்கிறேன். இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். கோணலை அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லவும்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் என் பெரியம்மாவின் புகைப்படம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். மற்றபடி மூக்கைப் பற்றிய கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுகிற ஆள் இல்லை நான். பெரியம்மாவுக்கு அப்புறம் வருகிறேன்.

செல்ஃபியை முதலில் முடித்துவிடுவோம். கேமராவை ஒரு அடி தூரத்தில் பிடித்து எடுத்தால் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாக விழும். கன்னத்தைவிட மூக்கு கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். 5 அடி தள்ளி நின்று எடுத்தால் இந்தக் கோளாறு இல்லை. 2018-ல் இந்தக் கணக்கைப் போட்டு வெளியிட்டவர்களில் முக அறுவை மருத்துவரும் உண்டு. செல்ஃபியை நீட்டி மூக்கைச் சின்னதாக்கச் சொல்லி வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல அவருக்கு அது தேவைப்பட்டது. அறுவை சிகிச்சை உங்கள் இஷ்டம். உங்கள் மூக்கு, உங்கள் பணம். ஆனால் தினமும் மணிக்கணக்கில் இதே நினைப்பாக, வேலை கெட்டு, வெளியே போகவே கூசுகிறது என்றால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்படியொரு நோய் உண்டு. 1891-லேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அவ்வளவு தூரம் போகவில்லை என்றுதான் தோன்றுகிறது.

கண்ணாடிக்கு வருவோம். யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. உங்கள் மூக்கு பிறந்ததிலிருந்தே கொஞ்சம் கோணலாக இருந்திருக்கலாம். கண்ணாடியில் அது பழகிய பக்கம் சாய்ந்திருந்தது, வீடியோவில் பழகாத பக்கம் சாய்ந்துவிட்டது. 1977-ல் அமெரிக்காவில் சில பெண்களைப் படம் எடுத்து, நேராக ஒன்று, இடவலம் மாற்றி ஒன்று என இரண்டு பிரதி போட்டுக் காட்டினார்கள். அந்தப் பெண்களுக்குப் பெரும்பாலும் பிடித்தது மாற்றிப் போட்டது, அதாவது கண்ணாடியில் பார்த்துப் பழகியது. அவர்களுடைய தோழிகளுக்குப் பிடித்தது நேர்ப்படம். அழகு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவரவர் கண் எதற்குப் பழகியிருந்ததோ அது பிடித்தது.

இன்னொன்று செய்து பாருங்கள். வெந்நீரில் குளித்து முடித்ததும் ஆவி படிந்த கண்ணாடி முன் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் முகத்தின் ஓரத்தை விரலால் அப்படியே கோடாக வரையுங்கள். வரைந்த வட்டத்தை அளந்து பாருங்கள், உங்கள் முகத்தில் சரிபாதிதான் இருக்கும். தள்ளி நின்று வரைந்தாலும் பாதிதான். இத்தனை வருடமாக உள்ளங்கை அளவு முகத்தைப் பார்த்துத்தான் சவரம் செய்துகொண்டிருக்கிறோம். நான் இதை முதன்முதலில் செய்தபோது துண்டோடு நின்று இரண்டு தடவை அளந்தேன்.

சரி. உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்திய வரிக்கு வருகிறேன். “அன்பினால் சொல்லும் பொய்.”

உங்கள் மனைவி சொன்னதைத் திரும்பப் படியுங்கள். “எப்பவும் போலத்தான் இருக்கீங்க.” அதில் பாராட்டு எங்கே இருக்கிறது? வெறும் தகவல். நீங்கள் சாப்பிடும்போது, வாய் பிளந்து தூங்கும்போது, போனில் யாரிடமோ குழையும்போது, சாவியைத் தேடி எரிந்து விழும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. கண்ணாடி முன் போனதும் நீங்கள் ஒரு முகத்தை மாட்டிக்கொள்கிறீர்கள். தாடையை லேசாகத் தூக்கி, வாயை இறுக்கி, கண்ணைக் கொஞ்சம் விரித்து. அந்த முகத்தோடு உங்களை வேறு யாரும் பார்த்ததே இல்லை. உங்கள் முகத்தை உங்களோடு இருக்கும் எல்லோரையும்விடக் குறைவாகப் பார்த்தவர் நீங்கள். அப்படிப்பட்டவர் தினமும் பார்க்கிறவரைப் பொய் சாட்சி என்கிறீர்கள்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாளைக்கே அலுவலகத்தில் ஒருவர் “உன் மூக்கு கோணல்” என்று சொல்லட்டும், குறுக்கு விசாரணையே இல்லாமல் நம்பிவிடுவீர்கள். நல்லது சொன்னால் பொய், குறை சொன்னால் உண்மையா? இதை நீங்கள் அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அகம்பாவம் தலைகீழாக நின்றால் இப்படித்தான் இருக்கும். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் நாலு பேரும் உங்கள் மூக்கைத்தான் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு சாமானியனுக்கு வருமா? அந்த நாலு பேரும் அவரவர் தொந்தியையும் வழுக்கையையும் மறைப்பது எப்படி என்ற கவலையில் இருக்கிறார்கள்.

கிளெக், ஸ்ட்ரென்டா என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலருடைய முகத்தில் ஒப்பனையால் பெரிய வடு ஒன்றை உண்டாக்கி, கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, வடு வெடித்துவிடாமல் இருக்க ஏதோ பூசுவதாகச் சொல்லி, அவர்களுக்குத் தெரியாமலே அதைத் துடைத்துவிட்டார்கள். சுத்தமான முகத்தோடு போய் ஓர் ஆளிடம் பேசிவிட்டு வந்தவர்கள் சொன்னது: எதிராளி வடுவால் சங்கடப்பட்டார், என்னிடம் இயல்பாக நடந்துகொள்ளவில்லை. இல்லாத வடு! எதிரில் இருந்த ஆள் பாவம், சும்மா கண்ணைச் சிமிட்டியிருப்பார்.

பெரியம்மாவுக்கு எத்துப்பல். அப்படித்தான் அவர் சொல்வார். சின்ன வயதில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும். கை ஈரமாக இருந்தால் முழங்கையை மடக்கிப் புறங்கையால் மறைப்பார். இரண்டு கையிலும் பாத்திரம் இருந்தால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார். எங்கள் குடும்பத்தில் அவரைப்போலச் சிரிக்கிறவர் கிடையாது. முதலில் தோள் குலுங்கும், சத்தம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும். ஒருமுறை, கல்லூரி படித்த திமிரில், “கையை எடுங்க பெரியம்மா, யாரும் பார்க்கல” என்று சொல்லி அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அன்று முழுக்க அவர் சிரிக்கவில்லை. உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை உண்டா என்று அதை நினைத்துத்தான் யோசித்தேன்.

அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. பெரிதாக்கி மாட்ட ஒரு படம் வேண்டுமென்று தேடினோம். மொத்தம் ஒன்பது படங்கள். எட்டில் உதடு இறுக மூடியிருக்கிறது, கடன் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல. தம்பி மகள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, “இந்தப் பாட்டி ஏன் கோபமா இருக்காங்க?” என்று கேட்டாள். ஒன்பதாவதில் சிரிக்கிறார். மூக்குக்குக் கீழே முழுக்கக் கை.

அன்று இரவு அண்ணனுக்குப் போன் போட்டேன். “பெரியம்மாவுக்கு எந்தப் பல் எத்தியிருக்கும்?” “மேலே, இடது பக்கம்” என்றார். எனக்கு வலது என்று ஞாபகம். சண்டை போட்டோம். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன், “இரு, நீ சொல்ற வலது நமக்கு வலதா, அவங்களுக்கு வலதா?” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தங்கையைக் கேட்டால், எத்துப்பல்லே இல்லை, முன்பல்லில் இடைவெளி என்று சாதிக்கிறாள். கடைசியில் பெரியம்மாவின் மகளையே கேட்டோம். நாற்பது வருடம் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்.

“அம்மாவுக்கா? எத்துப்பல்லா?” என்றார்.

உங்கள் இரண்டு படங்களையும் பார்த்தேன். அம்புக்குறி நன்றாகத் தெரிகிறது. அது காட்டும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், என் வீட்டிலும் காட்டினேன். “யாரு இது, கொஞ்சம் தூங்கச் சொல்லுங்க, கண்ணெல்லாம் சோர்ந்திருக்கு” என்றார்கள். அடுத்த முறை அம்புக்குறி இல்லாமல், உங்கள் மனைவி எடுத்த படம் ஒன்றை அனுப்புங்கள். நீங்கள் பார்க்காதபோது எடுத்ததாக இருக்கட்டும்.