மகுடம் அடித்தவர் யார்?

அன்புள்ள ஐயா,

நான் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தவன். வேலையின் பொருட்டு இப்போது ஓசூரில் இருக்கிறேன். எங்கள் பகுதி ஊர்க் கோயில்களின் கொடை விழாக்களில் நடக்கும் வில்லிசை, கணியான் கூத்து, நையாண்டி மேளம் ஆகியவற்றின் காணொளிகளையும், எந்த ஊரில் என்றைக்கு நிகழ்ச்சி என்ற செய்திகளையும் நண்பர்களோடு சேர்ந்து வாட்ஸப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் பகிர்ந்துவருகிறேன். சென்ற ஆடியில் நாங்கள் வெளியிட்ட, கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற தோற்கருவியின் காணொளி ஒன்று வெகுவாகப் பரவியது. சில நாள் கழித்து அந்தக் குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி தொலைபேசியில் அழைத்து, “நல்லாத்தான் எடுத்திருக்கீங்க தம்பி, ஆனா எங்க பேரைக் காணோமே” என்றார். அதே கோயிலுக்குக் கொடை வரி கொடுக்கும் வரிக்காரர் ஒருவரோ, “சாமி காரியத்தை ஊர் உலகத்துக்கெல்லாம் ஏன் காட்டுறீங்க?” என்று கோபித்துக்கொண்டார். இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இதைத் தொடரலாமா, நிறுத்திவிடலாமா என்று தெரியவில்லை.

தங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் உங்களிடம் வந்த இரண்டு கேள்விகளும் ஒரே தரத்தவை அல்ல. வரிக்காரரின் மனக்குறையைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அண்ணாவி கேட்டதோ அவருடைய பிழைப்பைப் பற்றிய கேள்வி.

தென்மாவட்டங்களில் ஒரு கணியான் செட்டோ வில்லிசைக் குழுவோ ஆண்டு முழுவதும் மேடை ஏறுவதில்லை. பங்குனி, சித்திரை, வைகாசி, பிறகு ஆடி, ஆவணி என்று கொடை நடக்கும் மாதங்கள் சிலவே. அவற்றிலும் செவ்வாய், வெள்ளி என்று நாள் பார்த்தே பெரும்பாலான ஊர்களில் கொடை வைப்பதால், ஒரே நாளில் நான்கு ஊர்கள் அழைத்தாலும் ஒரு ஊருக்குத்தான் போக முடியும்; அடுத்த நாள் வீட்டில் இருக்க வேண்டியதுதான். 2020இல் பொதுமுடக்கம் சரியாகப் பங்குனியில் தொடங்கியபோது, அந்த ஆண்டின் வருமானம் முழுவதுமே இவர்களுக்கு இல்லாமல் போனது அதனால்தான். இந்தச் சில நாட்களை நிரப்புவதற்கு அவர்கள் நம்பியிருப்பது வாய்ச்செய்தியை. பக்கத்து ஊர்க் கொடையில் விடிய விடிய உட்கார்ந்து கேட்ட ஒருவர் தம் ஊர்க் கூட்டத்தில் “அந்தச் செட்டையே பேசுவோம்” என்று சொல்ல வேண்டும். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கை மாற வேண்டும். நீங்கள் பரப்பிய காணொளி அந்தப் பக்கத்து ஊர்க்காரரை ஓசூரிலும் துபாயிலும் கூட உண்டாக்கிவிட்டது, ஆனால் அவர் யாரைப் பேசுவது என்று தெரியாமல் கைபேசியை மூடி வைத்துவிட்டார். செய்தி என்பதில் பாதிதான் அங்கே இருந்தது.

கொடை நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மஞ்சளோ ரோஜா நிறமோ கொண்ட தாளில் தெய்வங்களின் படம், அதன் கீழே நிகழ்ச்சி நிரல், பிறகு தாளின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு உபயதாரர்கள், வரிக்காரர்கள், வெளியூரில் வேலை பார்க்கும் இளைஞர்கள் எல்லாருடைய பெயர்களும். நிரலுக்குள் ‘வில்லிசை’, ‘மகுடம்’, ‘மேளம்’ என்று தனித்தனி வரி. ஒவ்வொன்றின் எதிரே குழுத் தலைவரின் பெயரும் அவருடைய ஊரும். இட நெருக்கடி எவ்வளவு இருந்தாலும் அந்த ஒரு வரியை அச்சகத்தார் விடுவதில்லை. ஆனால் அதே நோட்டீஸைப் படம் பிடித்துப் பகிர்கிறவர்கள் சாமி படத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, மேலே ‘மரண மாஸ் அடி’ என்று எழுதிவிடுகிறார்கள். இதில் தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. வானொலியில் நாட்டுப்புறப் பாடல் முடிந்ததும் பாடியவர் பெயரைச் சொல்வார்கள். சுப்பு ஆறுமுகத்தின் வில்லிசையை அப்படிக் கேட்டவர்கள் அவரைப் பார்க்காமலேயே பெயரால் அறிந்திருந்தார்கள். ஒலிநாடாக்களின் உறையில் கலைஞரின் புகைப்படமும் பெயரும் இருக்கும். அந்த வழக்கம் இடையில் எங்கோ கைநழுவிவிட்டது, அவ்வளவுதான்.

சட்டமும் அண்ணாவியின் பக்கம்தான் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிற்காலத் திருத்தங்களுக்குப் பிறகு, நிகழ்த்துகிறவருக்குத் தம் நிகழ்த்துதலின் மீது ஐம்பது ஆண்டு உரிமை தருகிறது. பாடகர், இசைக்கலைஞர், ஆடுகிறவர் ஆகியோரோடு கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் கூட அந்த வரையறைக்குள் வருகிறார்கள் என்பதை வாசித்தபோது, சட்டம் எழுதியவர்கள் எங்கோ ஒரு திருவிழாவை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சொந்தத்துக்குப் பதிவு செய்துகொள்வது வேறு, ஒப்புதல் கேட்காமல் உலகுக்குப் பரப்புவது வேறு. ஒப்புதல் என்றதும் முத்திரைத்தாள் தேவை என்று பதற வேண்டாம்; மகுடத்தைத் தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “எடுத்துப் போடலாமா? பெயரை எப்படிப் போட வேண்டும்?” என்று கேட்பது போதும். எப்படிப் போட வேண்டும் என்ற கேள்வி முக்கியம். சிலர் ஆசான் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள், சிலர் கலை நன்மணி, கலை முதுமணி என்று மாவட்ட அளவில் பெற்ற விருதை விட்டுவிடக் கூடாது என்பார்கள், சிலர் சாதியைக் காட்டிவிடும் என்பதால் சொந்த ஊரின் பெயரைத் தவிர்க்கச் சொல்வார்கள். கடைசியாகச் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அவர்களுக்கும் இருக்கிறார்கள்.

இனி வரிக்காரரின் கோபத்துக்கு வருகிறேன். கொடையில் நடப்பது கச்சேரி அல்ல. தெய்வத்தை அழைக்கும் குடியழைப்பில் தொடங்கி மதியக்கொடை, சாமக்கொடை என்று செல்லும் சடங்கின் நேரக்கணக்குக்குள்தான் வில்லுக்காரர் கதையைக் கூட்டியும் குறைத்தும் கொண்டுபோகிறார். கதையில் தெய்வத்தின் பிறப்பும் கொலையும் வரம்பெறுதலும் வரும் இடங்களில் சாமியாடிக்கு அருள் வர வேண்டும். கணியான் கைவெட்டி இரத்தம் கொடுக்கும் சடங்கும் அந்த இரவில்தான் நடக்கும். அந்த நேரத்தில் சாமியாடியின் முகத்துக்கு நேரே கைபேசி விளக்கை அடித்துக்கொண்டு நான்கு பேர் நின்றால், ஊர்க்காரர் கோபப்படாமல் என்ன செய்வார்? கைவெட்டைத் துண்டாக வெட்டிப் போட்டால், கதை தெரியாதவர்கள் அதன் கீழே எழுதும் கருத்துகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். எனவே கொடை இரவைப் பொறுத்தவரை நிகழ்ச்சியைவிடக் கலைஞரை முன்வைப்பதே சரி என்பது என் கருத்து. பாட்டையும் அடியையும் போடுங்கள். அருள் வருவதையும் பலியையும் விட்டுவிடுங்கள். கொடை நாளை முன்கூட்டி வெளியிடுவதானால் ஊர்க் கமிட்டியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ‘நள்ளிரவு 1 மணிக்கு மகுடம்’ என்று நீங்கள் உற்சாகமாகப் போடும் அறிவிப்பு காவல் நிலையத்துக்கும் போய்ச் சேரும்.

கரகாட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தலையில் கரகம் அசையாமல் நிற்க, ஒரு பெண் வளைந்து தரையில் கிடக்கும் ரூபாய் நோட்டைக் கண்ணிமையால் எடுப்பது நெடுநாள் பயிற்சியால் வருவது. அது இணையத்தில் அவ்வளவாகத் தென்படுவதில்லை. இடுப்பை மட்டும் நெருக்கிக் காட்டும் துண்டுகளும் அவற்றுக்குச் சூட்டப்படும் தலைப்புகளும்தான் தென்படுகின்றன. இவற்றை மறுபகிர்வு செய்வதும் அந்தப் பெண்ணை அவமதிப்பதே. ஆட்டக்காரப் பெண்களின் கைபேசி எண்ணை ஒருபோதும் போடாதீர்கள், குழுத் தலைவரின் எண் போதும்; அதையும் அவர் சரி என்று சொன்ன பிறகு.

பொதுமேடை நிகழ்ச்சிகளுக்கு இந்தத் தயக்கம் எதுவும் வேண்டாம், அங்கே எவ்வளவு உரக்கச் சொன்னாலும் தகும். 2007இல் தொடங்கிய சென்னை சங்கமத்தைப் போன்ற விழாக்களின் அறிவிப்புகளில் ‘பறையாட்டம், ஒயிலாட்டம், தெருக்கூத்து’ என்று கலைகளின் பெயர்ப் பட்டியல் வந்துவிடுகிறது. எந்தக் குழு, எந்தப் பூங்காவில், எத்தனை மணிக்கு என்பதைத்தான் தேட வேண்டியிருக்கிறது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது வாழ்த்துப் படங்கள் குவிந்தன. அவர்களுடைய அடுத்த நிகழ்ச்சி எங்கே என்று அந்தப் படங்களின் கீழே ஒருவரும் கேட்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. நீங்கள் செய்யக்கூடிய வேலை அங்கே இருக்கிறது. ஆனால் தேதியோடு ஆண்டையும் எழுதுங்கள். ‘சித்திரை 10, செவ்வாய்’ என்று மட்டும் இருக்கும் அறிவிப்பு மறு ஆண்டும் சுற்றிவந்து, பூட்டிய கோயில் வாசலில் ஆட்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. மூத்த கலைஞர்கள் இறந்துவிட்டதாக வரும் செய்திகளை, குடும்பத்தாரோ உடன் பாடுகிறவரோ உறுதி செய்யாமல் தொடவே வேண்டாம்.

உங்கள் ஆடிக் காணொளியை நீக்காதீர்கள். அண்ணாவியை அழைத்துப் பேசி, அவர் பெயர், பின்பாட்டுக்காரர், உச்ச மகுடமும் மந்த மகுடமும் அடித்தவர்கள், ஆடிய இருவர் என எல்லாரையும் அவர் சொல்லும்படியே அதில் சேர்த்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை பகிருங்கள். பங்குனிக் கொடைகளுக்கு ஊர்கள் இப்போதே செட்டு பேசத் தொடங்கியிருப்பார்கள். இந்த வாரமே செய்தால் நல்லது.

அன்புடன்