ஊசி போட்ட நேரத்த எழுதி வைங்க

ஆணுறுப்பு விறைப்புக்கு அங்கயே போடுற ஊசி பத்தி தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து கேள்வி நெறைய வந்திருக்கு, பேர் போடாம பதில் சொல்றேன்.

சுகர் 15 வருஷமா இருக்கு, மாத்திரை கேக்கல. அந்த எடத்துலயே ஊசியான்னு பயமா இருக்கு. (பாலக்கோடு)

பயம் வராம இருக்குமா. ஆனா இன்சுலின் ஊசி மாதிரி மெல்லிசுதாங்க. சில்டெனாஃபில் மாத்திரைக்கு நரம்புல இருந்து சிக்னல் வரணும், சுகர் அந்த நரம்பையே கெடுத்திருந்தா அது என்ன பண்ணும், அல்ப்ரோஸ்டாடில் மாதிரி ஊசி மருந்து நேரா உள்ள போய் ரத்தக்குழாய தளர்த்திடும், 5 நிமிஷத்துல இருந்து 15 நிமிஷத்துக்குள்ள தெரியும். முதல் ஊசி மட்டும் டாக்டர் முன்னாடிதான், உங்க அளவு எவ்ளோன்னு அங்கதான் தெரியும். அப்படியே ஹார்ட்டையும் பாத்துக்கோங்க.

எங்க குத்தணும்? (காவேரிப்பட்டணம்)

பக்கவாட்டுல, அடிப்பக்கத்துக்கும் நடுவுக்கும் இடையில. கடிகார முள்ளு 10 இல்லன்னா 2 காட்டுற எடம்னு வச்சுக்கோங்க. மேல நடுவுல நரம்பு போகுது, கீழ மூத்திரக்குழாய், ரெண்டும் வேண்டாம். ஊசிய எடுத்ததும் 5 நிமிஷம் அழுத்திப் பிடிங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க 10 நிமிஷம். இன்னைக்கு வலது பக்கம்னா அடுத்த தடவ இடது. ஒரு நாளைக்கு ஒண்ணு, வாரத்துக்கு மூணு, அதுக்கு மேல கூடாது. உள்ள கட்டி தட்டுப்பட்டாலோ வளைஞ்சாலோ நிறுத்திட்டு வாங்க.

என் வீட்டுக்காரருக்கு அஞ்சு மணி நேரமா இறங்கல, வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாரு. அப்புறம் தானா சரியாச்சு. (ஓசூர்)

அம்மா, அடுத்த தடவ தானா சரியாகும்னு நம்பி இருந்துடாதீங்க. 4 மணி நேரம் தாண்டுனா உள்ள தேங்குன ரத்தத்துல ஆக்ஸிஜன் தீந்து தசை சாக ஆரம்பிச்சிடும், அப்புறம் எந்த மருந்தாலயும் விறைப்பு வராமலே போயிடலாம். ஒருத்தர் ராத்திரி முழுக்க ஈரத்துண்ட சுத்திக்கிட்டு வீட்டுலயே உக்காந்திருந்துட்டு விடிஞ்சப்புறம் வந்தாரு, ஊர்க்காரங்க யாராவது ஆஸ்பத்திரில பாத்துடுவாங்கன்னு, அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கல. சீக்கிரம் வந்திருந்தா ஊசியால ரத்தத்த உறிஞ்சி எடுத்து, குழாய சுருக்குற மருந்து போட்டு காப்பாத்தியிருக்கலாம். வத்தல்மலை மாதிரி எடத்துல இருக்கவங்க மூணு மணி நேரத்துலயே கெளம்பிடுங்க, 108க்கு கூப்பிடுங்க. கேஷுவாலிட்டில “விறைப்புக்கு ஊசி போட்டேன், இத்தன மணிக்கு போட்டேன், இறங்கல” இதச் சொன்னா போதும். என்கிட்ட வர்ற ஒரு பெரியவர் போட்ட நேரத்த உள்ளங்கைல பேனாவால எழுதிக்குவாரு. நீங்களும் பண்ணுங்க. உங்க வீட்டுக்காரரோட மருந்து அளவையும் குறைக்கணும், கூட்டிட்டு வாங்க.

சரியா வேலை செய்யல, இன்னொரு ஊசி போடலாமா, கூட மாத்திரை? (அரூர்)

ரெண்டும் வேண்டாம். 24 மணி நேரம் ஆகட்டும். அளவையும் நீங்களா ஏத்தாதீங்க. சிக்கிள் செல் (ரத்த அணு அரிவாள் மாதிரி வளையுற நோய்), ரத்தப் புற்றுநோய் இருக்கவங்களுக்கு இந்த ஊசியே ஆகாது.

சேலத்துல வாங்கிட்டு பஸ்ல வரேன், கெட்டுடுமா? (தர்மபுரி)

மூணு மருந்து கலந்த பாட்டில்னா வெயில் ஆகாது, ஐஸ் பேக் வச்ச டப்பால கொண்டுவந்து நேரா ஃப்ரிட்ஜ்ல வைங்க. பவுடரா வர்ற மருந்துக்கு அட்டைல போட்டிருக்க மாதிரி. கலங்கியிருந்தா, நிறம் மாறியிருந்தா காசு போனா போகுதுன்னு கீழ ஊத்திடுங்க.