செயற்பாட்டு ஆவணப்பட இயக்குநர் என்றால் யார்?

அநீதி நடக்கும் இடத்தில் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று, அது மாறவேண்டும் என்பதற்காகவே கேமராவைத் தூக்குபவர். செய்தியாளர் துக்கம் விசாரித்துவிட்டுக் கிளம்புபவர் என்றால், இவர் காரியமெல்லாம் முடிந்த பிறகும் அந்த வீட்டுக்கு வந்துபோகும் உறவுக்காரர்.

1950இல் மும்பையில் பிறந்த ஆனந்த் பட்வர்தனையே பாருங்கள். 1997இல் அங்கே ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டது. எதிர்த்துத் திரண்ட தலித் மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். சில நாளில், பட்வர்தனுடைய முந்தைய படமொன்றில் பாடியிருந்த கவிஞர் விலாஸ் கோக்ரே, மனம் உடைந்து தூக்கிட்டுக்கொண்டார். பட்வர்தன் கேமராவோடு கிளம்பினார்; இதைப் பற்றிய 'ஜெய் பீம் காம்ரேட்' படம் முடிய 14 ஆண்டுகள் ஆயின. எனக்கு அந்தப் பொறுமைதான் பெரிதாகப் படுகிறது.

ஏன் இவ்வளவு காலம்? நம்பிக்கை ஒரே நாளில் வராது, நீதியும் மெதுவாகத்தான் நகரும். இத்தகைய படங்களுக்குத் தணிக்கை இன்னொரு தடை. அணுகுண்டுச் சோதனைகளைக் கேள்வி கேட்ட அவருடைய வேறொரு படத்தில் 21 வெட்டுகள் கேட்டார்கள். நீதிமன்றம் போய் ஒரு வெட்டும் இல்லாமல் மீட்டார்.

பக்கம் சார்ந்த படம் என்றால் வெறும் பிரசாரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அயோத்தியில் பாபர் மசூதி இருந்த இடத்தில் ராமர் கோயில் கட்டும் இயக்கத்தை விமர்சிக்கும் அவருடைய 'ராம் கே நாம்' படத்தில் எதிர்த்தரப்பினரும் தங்கள் வாயாலேயே பேசுகிறார்கள்.