மாடித் தோட்டம்: கேள்வி – பதில்

கேள்வி: மாடியில் குரோ பேக்கில் (செடி வளர்க்கும் பையில்) வைத்த தக்காளி நன்றாகக் காய்க்கிறது. ஆனால் காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்துபோகிறது. பூச்சிமருந்து அடித்தும் நிற்கவில்லை. என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: மருந்தை நிறுத்திவிடுங்கள். இது பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. மண்ணில் சத்து இருந்தாலும் தண்ணீர்தான் அதை மேலே கொண்டுபோக வேண்டும். பை ஒருநாள் காய்ந்து, மறுநாள் சொதசொதவென்று நனைந்தால் காய்க்குக் கிடைக்காது.

விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால், அடித்துளையில் தண்ணீர் கசியும்வரை மெதுவாக ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் காலை, மாலை இருவேளையும் தேவைப்படும். மேலே காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் நிற்கும். சின்னப் பையில் எவ்வளவு கவனித்தாலும் சிரமம்தான். ஒரு செடிக்கு 12 அங்குல அகலமும் உயரமும் உள்ள பையாவது வேண்டும்.

யூரியா வேண்டாம். இலை தழைத்து, சுண்ணாம்புச் சத்தை இலையே இழுத்துக்கொள்ளும். முட்டை ஓட்டுத்தூள் நல்லதுதான், ஆனால் கரைய மாதக்கணக்காகும். அடுத்த முறை நடும்போதே மண்கலவையில் சேருங்கள். கறுத்த காய்கள் தேறாது, பறித்துவிடுங்கள். தண்ணீர் சீரானால் புதிதாகப் பிடிக்கும் பிஞ்சுகள் நன்றாக வரும்.